மனைவியிடம் கேட்காமல் போட்ட கையெழுத்து

இந்த வேலைக்கு நான் கொண்டுவந்த மிகக் கெட்ட பழக்கம், ஊர் கேட்பது.

உங்களுக்கும் அது இருக்கிறது. இதே வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து இந்த அறையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரில் ஐந்து பேர் என்னைக் கண்டதும் ஊர் கேட்டுவிட்டீர்கள். மலேசியாவில் இருந்து வந்த பிள்ளை மட்டும் இன்னும் கேட்கவில்லை. தேநீர் இடைவேளையில் கேட்பார் என்று நினைக்கிறேன். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் துப்பாக்கி லைசென்ஸ் படிவம் மடியில் இருக்கும்போது மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டதால் நான் என்ன செய்துவைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். துப்பாக்கி வைக்கும் அலுமாரி எத்தனை அங்குலம், பூட்டு எந்த வகை என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. அதை வாசித்துக் காட்ட ஓய்வுபெற்ற கிழவி ஒருத்தி நகரின் மறு ஓரத்துப் பிளாக்ஹவுஸ் பேயில் இருந்து இரண்டு பஸ் மாறி வரவேண்டியதில்லை.

நான் இந்த வேலையில் சேர்ந்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். அதற்கு முன் ஒருமுறை லைசென்ஸ் எடுத்தவர் ஆயுள் முழுவதும் அதை வைத்திருக்கலாம். சட்டம் மாறியது, எல்லோரையும் மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். பொலிஸுக்கு ஆள் போதவில்லை. சீருடை இல்லாமல், பகுதிநேரமாக, விண்ணப்பித்தவரின் வீட்டுக்குப் போய் ஆளையும் பூட்டையும் குடும்பத்தையும் பார்த்து அறிக்கை எழுதுவதற்கு ஆட்கள் தேடினார்கள். ஊரில் கணக்கு ஆசிரியையாக இருந்த நான் அப்போது நகர மையத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன். விண்ணப்பம் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். என் கணவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"துவக்குச் சத்தம் கேளாத நாடு தேடித்தானே வந்தனாங்கள். நீர் துவக்கு இருக்கிற வீடாப் பாத்துப் போகப்போறீரோ?" என்று கேட்டார். துப்பாக்கியை எங்கள் ஊரில் துவக்கு என்போம்.

"அந்தச் சத்தம் இஞ்சயும் கேக்கக்கூடாது எண்டுதான் போறன்," என்றேன். பெரிய வசனம்தான். சொல்லும்போது நன்றாக இருந்தது. அதை நிரூபிக்க வேண்டி வந்தபோதுதான் நாக்கு வறண்டது.

எங்களுக்கு மேலே ஒரு சார்ஜன்ட் இருந்தார். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசமாட்டார். நாங்கள் கொண்டுபோகும் அறிக்கையைக் கடைசி வரி வரை வாசிப்பார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்: "மனைவி என்ன சொன்னார்?" வீட்டில் இருக்கும் துணையை வேறு அறையில் தனியே உட்காரவைத்துக் கேட்கவேண்டும் என்பது விதி. எனக்கு அந்த விதி ஒரு சடங்காகப் பட்டது. எங்கள் வீடுகளில் மனைவி தனியாக வேறு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். நானே ஒரு மனைவி. அப்படியிருந்தும் அப்படி நினைத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கதைக்கு வருகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். தேவராசா, அவருடைய மனைவி மலர். எங்கள் பக்கத்தில் ஒரு டெய்ரி வைத்திருந்தார்கள். உங்களில் கோயம்புத்தூர்க்காரர்கள் இருவரும் மாட்டைத் தேடவேண்டாம். இந்த ஊரில் டெய்ரி என்றால் பாண், அதாவது பிரெட், பால், பத்திரிகை, மிட்டாய் விற்கும் தெருமுனைக் கடை. முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, பின்னால் வீடு. தேவராசா விடியற்காலையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போய்ப் பிற்பகலில் திரும்புவார். அதுவரை கடையில் மலர் தனியே நிற்பாள்.

தேவராசாவின் விண்ணப்பம் என் கைக்கு வந்தது. தொழிற்சாலை நண்பனோடு சனிக்கிழமைகளில் பண்ணை ஒன்றுக்கு முயல் சுடப் போகிறாராம், சின்ன ரைஃபிள் ஒன்று வேண்டுமாம். இந்த நாட்டில் அது நியாயமான காரணம். தற்காப்புக்கு வேண்டும் என்றால் கொடுக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கடையில் இரண்டு முறை கத்தியோடு வந்து கொள்ளையடித்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

நான் போய் உட்கார்ந்ததும் அவர் கேட்டார். "அக்கா, நீங்கள் எவடம்?"

சொன்னேன். நீர் எவடம் என்று நானும் கேட்டேன். அவருடைய முகம் மலர்ந்தது. என் பெரியம்மா வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி அவருடைய மாமா வீடு. அந்த மாமாவின் மகள் என்னிடம் கணக்குப் படித்தவள், கணக்கு வராதவள். சிரித்தோம். தேத்தண்ணி வந்தது, சுடச்சுட வடை வந்தது. பதினைந்து நிமிடத்தில் அவர் விண்ணப்பதாரர் இல்லை, எங்கள் வீட்டுத் தம்பி ஆகிவிட்டார். வீட்டுத் தம்பியிடம் "உமக்குக் கோபம் வந்தால் கை நீளுமா, குடிப்பீரா, எதற்காவது பயப்படுகிறீரா" என்று எப்படிக் கேட்பது? அந்தக் கேள்விகளுக்குப் பதில்களை நானே எழுதிக்கொண்டேன். அலுமாரியைப் பார்த்தேன். உருக்கு அலுமாரி, சுவரோடு இறுக்கியது, நல்ல பூட்டு. பூட்டை மட்டும் நன்றாகச் சோதித்தேன்.

மலர் முன்னால் கடையில் நின்றாள். அவளை உள்ளே அழைத்தால் கடையைப் பார்க்க ஆளில்லை. ஆகவே திரைக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, கணவர் என் தோளுக்குப் பின்னால் நிற்க, கேட்டேன்.

"மலர், இவர் துவக்கு வாங்கிறது உமக்கு ஓகேயோ?"

"அவர் சொன்னாச் சரிதான் அக்கா," என்றாள் மலர். யாருக்கோ மிச்சக் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவும் இல்லை.

"மனைவியிடம் தனியாகப் பேசப்பட்டது. சம்மதம்." அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார்ஜன்ட் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றி, "மனைவி என்ன சொன்னார்?" என்றார். "சரி என்றார்," என்றேன். பொய் இல்லையே என்று என் மனம் சமாதானம் சொன்னது.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு நாள் மதியத்துக்குப் பிறகு பாண் வாங்க அந்தக் கடைக்குப் போனேன். வேறு ஆள் இல்லை. மலர் பாணை எடுத்துத் தரவில்லை. கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இஞ்சாலை வாங்கோ. ஒரு சாமான் காட்டவேணும்."

கவுண்டருக்குப் பின்னால் போனேன். கீழ்த் தட்டில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குப் பின்னால், நீலக் குளியல் துவாய் ஒன்றில் சுற்றி, அந்த ரைஃபிள் கிடந்தது. துவாயின் ஒரு பக்கம் விலகி மரப்பிடி தெரிந்தது.

"வாங்கின கிழமையே இதுக்குள்ள வைச்சிட்டார்," என்றாள். "வெறுந்துவக்காம். ஆராவது வந்தாத் தூக்கிக் காட்டு, ஓடிடுவாங்கள் எண்டு சொல்லித் தந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் தூக்கிக் காட்டப் பழக்குறார். அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தம். இஞ்ச அதுக்கு மேல நிண்டு பாண் விக்கிறன் அக்கா."

"ஏன் மலர், அண்டைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் என்னைக் கேக்கேல்லையே," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உப்பு இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு முகம் எரிந்தது. அடுத்த வரி இன்னும் மோசம்: "நான் சொன்னதெண்டு மட்டும் அவருக்குத் தெரியவேண்டாம். கெஞ்சிக் கேக்கிறன்."

உங்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். காருக்குள் போய் உட்கார்ந்ததும் நான் முதலில் நினைத்தது மலரைப் பற்றி இல்லை. என் கையெழுத்தைப் பற்றி. தேவராசாவைத் தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசி, துப்பாக்கியை அலுமாரியில் வைக்கச் சொன்னால் விஷயம் முடிந்தது. நம்ம ஆள் கேட்பார். ஒருவருக்கும் தெரியவராது, என் வேலையும் தப்பும். இந்த யோசனை எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. உங்களுக்கும் ஒரு நாள் வரும். மூடி மறைக்கிற யோசனை எப்போதும் குடும்ப நன்மை என்ற வேஷத்தில்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை, விடை பிழைத்தால் வெட்டிவிட்டு மேலே இருந்து செய் என்று ஏசியிருப்பேன்! அது நினைவுக்கு வந்தது. காரை நேரே ஸ்டேஷனுக்கு விட்டேன். சார்ஜன்டின் மேசைக்கு முன்னால் நின்று, உட்காராமலே, எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியிடம் தனியாகப் பேசவில்லை, பேசியதாக எழுதினேன், இப்போது துப்பாக்கி கவுண்டருக்குக் கீழே இருக்கிறது.

ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஜாக்கெட்டை எடுத்தார். "அந்தப் பெண்ணைத் துப்பாக்கியோடு அங்கேயே விட்டுவிட்டா வந்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

அது என் இரண்டாவது பிழை. கடையிலேயே நின்று தொலைபேசியில் அழைத்திருக்க வேண்டும். என் வெட்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததில் அது தோன்றவில்லை.

போகும் வழியில் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். மலர் சொன்னாள் என்று தெரியக்கூடாது. என் பிழையையே காரணமாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறேன், அது உண்மையும்கூட. இரண்டாவது, நீங்கள் உடனே உள்ளே வரவேண்டாம். எங்கள் ஆட்களில் பலருக்குச் சீருடையைக் கண்டால் வாய் பூட்டிக்கொள்ளும், நாங்கள் வந்த இடம் அப்படி. இந்த நாட்டுப் பொலிஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் தெருவில் நடப்பதைப் பார்த்து நம்புவதற்கே எனக்கு ஒரு வருடம் எடுத்தது.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிடம். பக்கத்தில் மீன் பொரித்து விற்கும் கடையில் நிற்கிறேன். ஆளைக் கவுண்டர் பக்கம் விடாதே." இன்றைக்கு அந்தப் பத்து நிமிடத்தை உங்களுக்கு யாரும் தரமாட்டார்கள். தரவும் கூடாது.

மழை தொடங்கியிருந்தது. தேவராசா தொழிற்சாலையில் இருந்து வந்து பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். "வாங்கோ அக்கா, ஒரு கவளம் சாப்பிடுங்கோ."

"இண்டைக்குச் சாப்பாடு இல்லைத் தம்பி. நான் ஒரு பிழை விட்டிட்டன். உம்மட மனிசியோட தனியாக் கதைக்காமல் கதைச்சதா எழுதிப்போட்டன். பெரியவருக்குச் சொல்லிட்டன். அவர் பக்கத்துக் கடையில நிக்கிறார். எல்லாம் முதலில இருந்து பாக்கவேணும். துவக்கைக் காட்டும்."

அவர் சிரித்தார். "உதுக்கே இவ்வளவு? எழுதுங்கோ, அவ ஓமெண்டுதான் சொல்லுவா."

"துவக்கு, தம்பி."

அலுமாரியைத் திறந்தார். எங்கள் இருவருக்கும் முன்பே தெரிந்த வெறுமைதான் உள்ளே இருந்தது. திரும்பியபோது சிரிப்பு போயிருந்தது.

"நீங்கள் எங்கட ஆள் எண்டெல்லோ நினைச்சன்! பொலிசைக் கூட்டிக்கொண்டே வந்தனீங்கள்?" குரல் உயர்ந்தது. "ரண்டு தரம் கத்தியோட வந்தவங்கள் அக்கா. ரண்டு தரமும் அவதான் நிண்டவ, நான் இல்லை. கழுத்தில வைச்சவங்கள். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போச்சுது. பிறகு ஒருத்தரும் வரேல்லை. நீங்கள் எண்டா என்ன செய்வியள்? சொல்லுங்கோ!"

அதற்குக் கையேட்டில் பதில் இருக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. மனைவியின் கழுத்தில் கத்தி வைத்த இரண்டு நாளும் தான் இல்லாமல் போனதை நினைத்து நித்திரை இழந்த மனிதர். எனக்கு அவர்மேல் இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் கடைக் கதவின் மணி அடித்தது.

ஆளைக் கவுண்டர் பக்கம் விடாதே என்று சார்ஜன்ட் சொன்னது கணவனை. நானும் கணவனைத்தான் மறித்துக்கொண்டு நின்றேன். மனைவியை நான் மறுபடியும் மறந்துவிட்டேன்.

திரை பாதி விலகியிருந்தது. இருவரும் பார்த்தோம். மழைச் சட்டையின் தொப்பி முகத்தை மூட, இரண்டு கையும் பைக்குள் இருக்க, ஓர் ஆள் எங்கும் பார்க்காமல் நேராகக் கவுண்டரை நோக்கி வந்தான். மலரின் முகம் வெளுத்தது. அவளுடைய வலது கை கீழே போனது. ஒவ்வொரு ஞாயிறும் பழக்கிய கை அது. நீலத் துவாயின் ஓரம் கவுண்டருக்கு மேலே எழும்பியது.

"மலர்! கையை எடும்!"

நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரல் எனக்கு மிச்சம் இருந்தது கடவுள் புண்ணியம். கை நின்றது. அந்த ஆளும் திடுக்கிட்டுத் தொப்பியைப் பின்னால் தள்ளினார். மேல்தெருக் கிழவர். தினமும் பாணும் பூனைச் சாப்பாடும் வாங்குகிறவர். பைக்குள் இருந்து எடுத்தது வாங்கவேண்டிய சாமான்கள் எழுதிய, நனைந்த காகிதத் துண்டு. "என்ன மழை!" என்றார், என் சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்பவர்போல. மலர் பாணைக் கொடுத்தாள், பூனைச் சாப்பாட்டைக் கொடுத்தாள். இரண்டு முறை மிச்சக் காசைத் தவறவிட்டாள். கிழவர் குனிந்து பொறுக்கிக்கொண்டு, அவளுக்குச் சுகமில்லைப் போலும் என்று நினைத்துத் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது.

மீன் கடை ஜன்னலில் நின்று தொப்பிக்காரரைக் கண்டு ஓடிவந்த சார்ஜன்ட், கிழவருக்குக் கதவைப் பிடித்து வழிவிட்டு உள்ளே வந்தார். மலர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தேவராசா திரையைப் பிடித்தபடி நின்றார்.

"எடுக்கச் சொல்லுங்கோ அக்கா," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

சார்ஜன்ட் ரைஃபிளை எடுத்து, அதன் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பி, திறந்தார். ஒரு தோட்டா வெளியே விழுந்தது. பிறகு இன்னொன்று. ஆறு தோட்டாவையும் மிட்டாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார். மலர் தரையில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வெறுந்துவக்கெண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"உமக்குப் பயமா இருக்குமெண்டு சொல்லேல்லை," என்றார் தேவராசா.

மலர் அழவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கு நின்றுபிடிக்க முடியாமல் அவர் பின்னறைக்குப் போய்விட்டார்.

நான் மலரைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனேன். சோடாப் பெட்டிகள் இரண்டைக் கவிழ்த்துப்போட்டு எதிரெதிரே உட்கார்ந்தோம். கதவைச் சாத்தினேன். படிவத்தை எடுத்து, நாலைந்து மாதம் பிந்தி, அந்தக் கேள்வியை முதல்தடவையாகக் கேட்டேன்.

"இந்த வீட்டில துவக்கு இருக்கிறது உமக்கு விருப்பமோ?"

"இல்லை," என்றாள். பிறகு முக்கால் மணித்தியாலம் பேசினாள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

சார்ஜன்ட் அன்றைக்குப் போகும்போது சொன்னதுதான் இந்த வேலையின் மற்றப் பாதி. "துப்பாக்கியை எடுத்துவிட்டோம். அந்த மனிதனின் பயத்தை எடுக்கவில்லை. இப்படியே விட்டுவிட்டுப் போனால் அடுத்த மாதம் எவனிடமோ லைசென்ஸ் இல்லாத ஒன்றை வாங்குவான். நாளைக்கு இந்தக் கடையோடு யார் நிற்பது?"

அதற்கு நான் ஆள் பிடித்தேன். எனக்குக் கண்டிப்புக் கடிதம் கொடுத்து, ஆறு கிழமை வீட்டுப் பார்வைக்குப் போகக்கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். நேரம் நிறைய இருந்தது. மீன் கடைக்காரியிடம் போனேன். தெருவுக்கு எதிரே இருந்த சமோவத் தீவுக்காரர்களின் தேவாலயப் போதகரிடம் போனேன். தெருக்காரர் கூடிப் பேச அவர் தன் மண்டபத்தைத் திறந்துவிட்டார். சார்ஜன்ட் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும்போல ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். தேவராசா வந்தார், கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. மீன் கடைக்காரிதான் தொடங்கினாள். "உன் கடைக் கண்ணாடி முழுக்க ஐஸ்கிரீம் விளம்பரம். எத்தனை வருடம் பக்கத்தில் இருக்கிறேன், உன் மனைவியின் தலைகூட எனக்குத் தெரிவதில்லை. அவள் கத்தினால் என் எண்ணெய்ச் சத்தத்தில் கேட்காது." அடுத்த நாளே விளம்பரங்களைக் கிழித்தார்கள். உயரத் தட்டுகளை இறக்கினார்கள். கவுண்டரில் இருந்து சுவர் வழியாக மீன் கடைக்கு ஒரு மின்மணிக் கம்பி போட்டார்கள். போதகர் பாடல் பயிற்சிக்கு வருபவர்களைக் கடைப்பக்கமாக நடக்கச் சொன்னார். அவர்கள் நடந்ததோடு நில்லாமல் உள்ளே வந்து கதைக்கவும் தொடங்கினார்கள். ரோந்து போகும் கொன்ஸ்டபிள் சூடான இறைச்சிப் பை வாங்க அங்கே வண்டியை நிறுத்தினார். முதலில் கடமைக்கு, பிறகு மலர் பொரிக்கும் ரோல்ஸுக்கு.

கொள்ளை நின்றுவிட்டது என்று சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். நிற்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒருமுறை வந்தார்கள். மலர் மணியை அழுத்திவிட்டுக் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். மீன் கடைக்காரி மாவு பூசிய கையோடு தெருவில் நின்று போட்ட கூச்சலில் தேவாலய மண்டபம் முழுக்க வெளியே வந்தது. வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. கவுண்டருக்குக் கீழே அந்தத் துவாய் இருந்திருந்தால் அன்றைக்கு யார் விழுந்திருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்த ஒவ்வொரு முறையும் அடுத்த வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு கோயில், தேவாலயம் என்று ஒன்றையும் விடவில்லை. மேடையில் ஏறிப் பேசவில்லை. பெண்கள் சோறு பரிமாறும் இடத்தில் கரண்டியை வாங்கிக்கொண்டு நின்று சொன்னேன்: உங்கள் வீட்டுக்காரர் துப்பாக்கி கேட்டால் உங்களைத் தனியாகக் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்களே கேட்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொன்னது வெளியே போகாது. சில ஆண்கள் என்னைக் குடும்பம் கலைக்க வந்தவள் என்றார்கள். சொல்லட்டும். எப்சம் பகுதியில் பெரிய படிப்புப் படித்த ஒருவரின் வீட்டில், உடுப்புத் தோய்க்கும் அறையில், இயந்திரத்தை ஓடவிட்டுவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒரு பெண் என் காதில், "தயவுசெய்து வேண்டாமெண்டு எழுதுங்கோ," என்றாள். எழுதினேன், வேறு காரணம் காட்டி. அவளை இன்றுவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போன கிழமை உங்களில் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், நம்ம சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க வீடுன்னா எப்படிங்க கேக்குறது? சங்கடமா இருக்குமே." சங்கடமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர் என்றால் வேறு ஆளை அனுப்பச் சொல்லுங்கள். தெரிந்தவர் என்றால் சங்கடப்பட்டுக்கொண்டே கேளுங்கள். அந்தச் சங்கடத்துக்குத்தான் சம்பளம்.

தேவராசா என்னோடு ஒரு வருடத்துக்கு மேல் கதைக்கவில்லை. பாண் வாங்கப் போனால் உள்ளே போய்விடுவார், மலர்தான் தருவாள். பிறகு மெல்ல மெல்ல, "என்ன அக்கா, குளிர்," என்கிற அளவுக்கு வந்தார். அதற்கு மேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். எங்கள் ஆட்களில் ஓர் இளம் குடும்பத்துக்காரர் மான் வேட்டைக்கென்று லைசென்ஸ் கேட்டார். தன்னை நன்றாகத் தெரிந்தவர் என்று அவர் பெயர் கொடுத்திருந்தது தேவராசாவை. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவரைப் பற்றி வெளியில் இருந்து கேட்டு வந்தால், "தங்கமான பிள்ளை" என்று மட்டும்தான் வரும். அந்தச் சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டு வருவதற்குத் தயாராகத்தான் கடைக்குப் போனேன். மலர் பின்னறையில் இருந்து, "அக்கா, தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டாள்.

தேவராசா கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். தெருவைப் பார்த்தார். விளம்பரம் இல்லாத கண்ணாடி வழியாக மீன் கடை வாசல் தெரிந்தது.

"நல்ல பெடியன்தான்," என்றார். "என்னோட வேலை செய்யிறவன். நானும் நல்லவன்தானே அக்கா."

பேனாவைத் திறந்தபடி நின்றேன்.

"அவன்ர மனிசியோட தனியாக் கதைச்சனீங்களோ?"

"இன்னும் இல்லை. நாளைக்குத்தான் வீட்டுக்குப் போறன்."

"அப்ப முதல்ல அதைச் செய்யுங்கோ. அவ என்ன சொல்லுறா எண்டு கேட்டிட்டுப் பிறகு என்னட்ட வாங்கோ." திரும்பித் திரைக்குள் குரல் கொடுத்தார். "இஞ்சாரும், அக்காவுக்கு இப்ப தேத்தண்ணி வேண்டாம். வேலை முடியேல்லை."

திரைக்குப் பின்னால் மலர் சிரிப்பது கேட்டது. நான் பேனாவை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.